மூலைமட்டம்: ஒரு நூல்கண்டின் வரலாறு



பி.காம். படிக்கிறவனுக்குக் கட்டிட வேலையில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் பேரையூர்ப் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு வீடாவது கட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கே கொத்தனார் செய்கிற முதல் வேலை செங்கல் வைப்பது அல்ல, நூல் கட்டுவது. நாலு முளைக்குச்சி, ஒரு நூல்கண்டு, ஒரு டேப். இதை வைத்துக்கொண்டு அரை நாள் குனிந்து நிமிர்ந்து ஏதோ செய்கிறார்கள். அப்புறம்தான் வானம் தோண்டுகிறார்கள். (வெளியூர் நண்பர்களுக்கு: அஸ்திவாரக் குழிக்கு எங்கள் பக்கம் வானம் என்று பெயர். தரையில் தோண்டுகிற குழிக்கு ஏன் வானம் என்று பெயர் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.)

அந்த அரை நாள் வேலைக்குப் பின்னால் குறைந்தது 2500 வருடத்துச் சரித்திரம் இருக்கிறது. அதில் மதுரைக்கு ஒரு நல்ல இடமும் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

மொழியில் ஒட்டிக்கொண்ட மட்டம்

முதலில் நம் பேச்சைக் கவனியுங்கள். ஒழுங்காக நிற்கும் வரிசையை 'நூல் பிடித்த மாதிரி' என்கிறோம். ஒருவருடைய புத்தி சரியில்லை என்றால் 'கோணல் புத்தி'. நல்ல ஆட்சிக்குச் செங்கோல், கெட்ட ஆட்சிக்குக் கொடுங்கோல். செங்கோல் என்றால் நேரான கோல், கொடுங்கோல் என்றால் வளைந்த கோல். திருக்குறளில் 55-வது அதிகாரம் செங்கோன்மை, அடுத்த 56-வது கொடுங்கோன்மை. நேர், கோணல் என்ற இரண்டு சொல்லிலேயே ஓர் அரசனை எடைபோட்டு முடித்துவிட்டார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. லத்தீனில் 'நோர்மா' என்றால் தச்சரின் மூலைமட்டம். இன்று எல்லோரும் சொல்லும் 'நார்மல்' அதிலிருந்து பிறந்ததுதான். 'ரூல்' என்ற சொல்லின் வேரும் நேர்க்கோல்தான். ஆக, மனிதன் சரி எது தப்பு எது என்று பேசத் தொடங்கியபோது, கொத்தனாரிடமும் தச்சரிடமும்தான் சொற்களைக் கடன் வாங்கியிருக்கிறான். திருப்பிக் கொடுத்தானா என்பது வேறு கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்று சரிகள்

ஒரு சுவர் ஒழுங்காக இருக்கிறது என்றால் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும்.

ஒன்று, மட்டம். செங்கல் வரிசை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்காமல் இருக்க வேண்டும். இரண்டு, தூக்கு. சுவர் முன்னாலும் பின்னாலும் சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். மூன்று, மூலை. இரண்டு சுவர் சேரும் இடம் சரியாக 90 பாகையாக இருக்க வேண்டும்.

முதல் இரண்டையும் இயற்கை இலவசமாகவே தருகிறது. தண்ணீர் எங்கே வைத்தாலும் மட்டமாகத்தான் நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தத் தூணிலும் மறு முனையை அந்தத் தூணிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். நடுவில் சுவர் மறைத்தாலும் கவலையில்லை.

அதேபோல் நூலில் கட்டிய கனமான குண்டு எப்போதும் பூமியை நோக்கி நேராகத்தான் தொங்கும். நம் கொத்தனார்கள் வைத்திருக்கும் தூக்குக் குண்டில் ஒரு சின்ன சாமர்த்தியம் உண்டு. நூலில் குண்டோடு ஒரு கட்டையும் கோத்திருக்கும். கட்டையின் அகலமும் குண்டின் அகலமும் ஒன்று. கட்டையைச் சுவரின் மேலே ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே இறக்கினால், குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இடைவெளி விழுந்தால் சுவர் தலை நம்மை நோக்கி வந்திருக்கிறது. குண்டு சுவரில் சாய்ந்து படுத்துக்கொண்டால் தலை அந்தப் பக்கம் போயிருக்கிறது. எண்ணும் இல்லை, கணக்கும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

சிக்கல் மூன்றாவதில்தான். தரையில் ஒரு செங்கோணத்தை இயற்கை நமக்குப் போட்டுக் கொடுப்பதில்லை. தண்ணீரைக் கேட்டாலும் சொல்லாது, குண்டைக் கேட்டாலும் சொல்லாது. அதை மனிதன்தான் அறிவால் உண்டாக்க வேண்டும். சுவர் கட்டும் கலையின் சரித்திரத்தில் கணக்கு உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான்.

மூணு, நாலு, அஞ்சு

எங்கள் ஊர் மேஸ்திரிகள் செய்வது இது. ஒரு சுவருக்கு நூல் கட்டிவிடுவார்கள். மூலையிலிருந்து அந்த நூலில் 3 அடியில் ஒரு குறி. அடுத்த சுவருக்கான நூலில் 4 அடியில் ஒரு குறி. இரண்டு குறிக்கும் நடுவே டேப் பிடித்தால் 5 அடி வர வேண்டும். வரவில்லையென்றால் இரண்டாவது நூலின் முளையைச் சரியாக 5 அடி வரும்வரை நகர்த்துவார்கள். வந்துவிட்டால் மூலை சரி.

3-ன் வர்க்கம் 9, 4-ன் வர்க்கம் 16, கூட்டினால் 25, அது 5-ன் வர்க்கம். எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ, எல்லோரும் பிதாகரஸ் தேற்றம் என்று மனப்பாடம் செய்ததுதான். அமெரிக்காவில் மரச் சட்டத்தில் வீடு கட்டுகிற தச்சரும் இதே 3-4-5-ஐத்தான் பிடிக்கிறார். அவருக்கு மரம், நமக்குச் செங்கல். நூல் ஒன்றுதான்.

இதில் ஒரு நுணுக்கம். 3 அடியில் கால் அங்குலம் பிசகினால், அதே கோட்டை 30 அடிக்கு நீட்டும்போது பிசகு பத்து மடங்காகி இரண்டரை அங்குலம் ஆகிவிடும். அதனால் கெட்டிக்கார மேஸ்திரி 3-4-5 பிடிக்க மாட்டார். இடம் இருந்தால் 9-12-15, அல்லது 12-16-20 பிடிப்பார். முக்கோணம் பெரிதாக ஆகப் பிசகு சிறிதாகும்.

நாலு மூலையும் வைத்தபின் கடைசிப் பரிசோதனை மூலைக்கு மூலை அளப்பது. இரண்டு குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும். இது எவ்வளவு கூர்மையான சோதனை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 அடிக்கு 20 அடி கட்டிடம் என்று வைத்துக்கொள்வோம். சரியாக இருந்தால் குறுக்களவு 36 அடியும் கிட்டத்தட்ட முக்கால் அங்குலமும். 20 அடிச் சுவர்கள் 2 அங்குலம் சரிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு குறுக்களவுக்கும் இடையே 3 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் காட்டிவிடும். தவறைப் பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடி அது.

இங்கேதான் எனக்கு வகுப்பு ஞாபகம் வந்தது. காமர்ஸ் நண்பர்களுக்கு ட்ரையல் பேலன்ஸ் தெரியும், தமிழில் இருப்பாய்வு. பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் டேலி ஆகவில்லை என்றால் எங்கோ தவறு இருப்பது நிச்சயம். ஆனால் டேலி ஆகிவிட்டால் தவறே இல்லை என்று அர்த்தமா? இல்லை. ஒரு தவறை இன்னொரு தவறு ஈடுகட்டியிருக்கலாம்.

கட்டிடத்திலும் அப்படியே. எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருப்பது மட்டும் போதாது. சரிந்த இணைகரமாக இருக்கலாம். குறுக்களவு சமமாக இருப்பது மட்டும் போதாது. முன்பக்கம் குறுகிப் பின்பக்கம் அகன்ற வடிவத்திலும் குறுக்களவு சமமாக வரும். இரண்டும் சேர்ந்து சரியாக வந்தால்தான் செவ்வகம். இந்தச் சேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி தேவைப்படும்.

பிதாகரசுக்கு முன்னால்

இந்த வித்தையைக் கண்டுபிடித்தது யார்? இணையத்தில் தேடினால் பண்டைய எகிப்தியர்கள் 12 முடிச்சுப் போட்ட கயிற்றை 3-4-5 ஆக இழுத்துப் பிரமிடு கட்டினார்கள் என்று ஒரு கதை பல இடத்தில் கிடைக்கும். கயிறு இழுப்பவர்கள் எகிப்தில் இருந்தது உண்மை. கோயில் அடிக்கல் சடங்கிலேயே கயிறு இழுப்பது உண்டு. ஆனால் அவர்கள் 3-4-5 பிடித்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. 19-ம் நூற்றாண்டில் மோரிட்ஸ் கான்டோர் என்ற ஜெர்மன் கணித வரலாற்றாசிரியர், அப்படி இருந்திருக்கலாம் என்று சொன்ன ஊகம்தான் பிறகு கைமாறிக் கைமாறி உண்மை போல ஆகிவிட்டது.

ஊகம் எப்படியோ, அவர்கள் வேலை துல்லியமானது. பெரிய பிரமிடின் ஒரு பக்கம் சுமார் 230 மீட்டர். 1925-ல் வெளியான கோல் என்பவரின் அளவையில், நாலு பக்கங்களில் மிக நீளமானதற்கும் மிகக் குறைந்ததற்கும் வித்தியாசம் சுமார் 20 சென்டிமீட்டர்தான். சென்னெஜெம் என்ற கலைஞரின் கல்லறையில் 1886-ல் கிடைத்த கருவிகளில், முக்கோணச் சட்டத்தில் தூக்குக் குண்டு தொங்கவிட்ட மட்டமும் உண்டு. மூவாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட பொருள். அதை இன்று எங்கள் ஊர்க் கொத்தனார் கையில் கொடுத்தால் என்ன என்று கேட்காமலே வேலையைத் தொடங்கிவிடுவார்.

கணக்காக எழுதிவைத்தவர்கள் வேறு. பாபிலோனியாவில் சுமார் கி.மு. 1800-ஐச் சேர்ந்த களிமண் பலகை ஒன்றில் இப்படிப்பட்ட மும்மை எண்களின் பட்டியலே இருக்கிறது. நம் நாட்டில் சுல்ப சூத்திரங்கள். சுல்பம் என்றால் கயிறு. வேள்வி மேடைகளைச் செங்கல்லால் கட்டுவதற்கான கையேடுகள் அவை. செவ்வகத்தின் மூலைவிட்டத்தின் வர்க்கம் இரு பக்கங்களின் வர்க்கங்களுடைய கூட்டல் என்பதைப் பௌதாயனர் பொது விதியாகவே சொல்கிறார். 3-4, 5-12, 8-15, 7-24 என்று உதாரணமும் தருகிறார். பிதாகரசுக்கு முந்தையது என்றே பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

இந்த நூல்களில் வரும் பெரிய வேள்வி மேடை செவ்வகமே அல்ல. ஒரு பக்கம் 24, எதிர்ப்பக்கம் 30, நடு நீளம் 36 என்று ஒரு பக்கம் குறுகிய வடிவம். மேலே சொன்னேனே, குறுக்களவு சமமாக இருந்தும் செவ்வகமாக இல்லாத வடிவம் என்று, அதேதான். அதை வரைய ஆபஸ்தம்பர் 15-36-39 என்ற கயிற்றைப் பயன்படுத்துகிறார். கடவுளுக்கு வைத்த வேலையிலும் அளவு பிசகினால் பலன் இல்லை என்ற பயம்தான் இந்தக் கணக்கை வளர்த்திருக்கிறது.

அதற்கும் முந்தைய சிந்துவெளியில் எழுத்தை நம்மால் இன்னும் படிக்க முடியவில்லை. ஆனால் செங்கல்லைப் படிக்க முடிகிறது. தடிப்பு, அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற விகிதத்தில், ஊர் விட்டு ஊர் அதே விகிதம். தூக்குக் குண்டுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன.

மதுரையில் நிழல் விழாத நேரம்

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

பத்துப்பாட்டில் ஒன்று நெடுநல்வாடை. நக்கீரர் பாடியது. பாட்டுடைத் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. வாடைக்காலத்தில் தலைவனைப் பிரிந்து வாடும் அரசியைப் பற்றிய பாட்டு என்றுதான் நமக்குச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் அவள் இருக்கும் அரண்மனையை எப்படிக் கட்டினார்கள் என்பதையும் நக்கீரர் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவர் சொல்வதன் சாரம் இது. இரண்டு கோல் நட்டு, அவற்றின் நிழல் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகல் நேரம் பார்த்தார்கள். கட்டிட நூல் தெரிந்தவர்கள் நுட்பமாகக் கயிறு கட்டித் திசைகளைக் குறித்துக்கொண்டார்கள். அந்தந்தத் திசைக்குரிய தெய்வத்தையும் எண்ணிப் பார்த்தார்கள். பிறகு அரசனுக்கு ஏற்றபடி மனையைப் பகுத்தார்கள். வீட்டுக்கு நூல் கட்டும் காட்சியை இவ்வளவு விவரமாகச் சொல்லும் சங்கப் பாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இந்த வேலையைச் சித்திரை மாதத்தோடு சேர்த்து விளக்குகிறார். இது வெறும் சாஸ்திரமா, காரணம் உண்டா என்று பார்த்தேன். மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 10 பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் வடக்கே நகர்ந்து வரும்போது ஏப்ரல் நடுவில் ஒருநாள் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வரும். அன்று நட்டுவைத்த கோலுக்கு நிழலே விழாது. ஆகஸ்டு கடைசியில் திரும்பிப் போகும்போது இன்னொரு முறை. ஏப்ரல் நடு என்றால் இன்றைய கணக்கில் சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்கள். உரைகாரர் சொன்ன மாதத்துக்கும் மதுரை வானத்துக்கும் இப்படி ஒரு பொருத்தம் இருக்கிறது.

மற்ற நாட்களில் திசை காண்பதற்கு மயமதம் போன்ற சிற்ப நூல்கள் சொல்லும் முறை இன்னும் அழகு. தரையைத் தண்ணீர் விட்டு மட்டமாக்கு. நடுவில் சங்கு என்னும் முளையை நடு. அதைச் சுற்றி ஒரு வட்டம் போடு. காலையில் நீளமாக இருக்கும் நிழல் குறுகிக்கொண்டே வந்து அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி வை. மாலையில் நிழல் மறுபடி நீண்டு வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு.

வடக்கு தெற்கு வேண்டுமே? அந்த இரண்டு புள்ளிகளையும் மையமாக வைத்து, கயிற்றால் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டம் போடு. நடுவில் மீன் போல ஒரு வடிவம் வரும். மீனின் தலையையும் வாலையும் சேர்த்துக் கோடு இழுத்தால் அதுதான் வடக்கு தெற்கு. முதல் கோட்டுக்குச் சரியான செங்குத்து. டேப் இல்லை, அடி இல்லை, 3-4-5 கூட இல்லை. ஒரு முளை, ஒரு கயிறு, ஒரு பகல் பொழுது. பாண்டியன் கொடியில் மீன் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் மதுரைக்காரனுக்கு இதைப் படிக்கும்போது ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது :-)

பாட்டில் இருப்பது கற்பனையாக இருக்கலாமே என்று கேட்பவர்கள் கீழடிக்குப் போய்ப் பார்க்கலாம். மதுரைக்குத் தென்கிழக்கே சில மைல் தூரம். அங்கே மண்ணுக்கடியில் செங்கல் சுவர்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. கீழடியின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் அறிக்கை வெளியிட்டது. வைகைக் கரையில் நூல் பிடிக்கத் தெரிந்தவர்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள்.

பெருந்தச்சனும் பெருமாள் மேஸ்திரியும்

இவ்வளவு நூல் பிடித்தவர்களின் பெயர் எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்காது. திருமலை நாயக்கர் மகால் 1636-ல் கட்டியது என்று தெரியும். கட்டியவர் திருமலை நாயக்கர் என்று எழுதுவோம். அவர் ஒரு செங்கல்லாவது வைத்திருப்பாரா? ஓர் இத்தாலியர் வடிவமைத்தார் என்றும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெரிய தூண்களுக்குத் தூக்குக் குண்டு விட்டவர்கள் யார் என்று எங்கேயும் இல்லை.

விதிவிலக்காக ஒன்று, தஞ்சைப் பெரிய கோயில். 1010-ல் முடிந்த கோயில். 200 அடிக்கு மேல் உயரும் விமானம். அங்கே ராஜராஜன் தன் தலைமைச் சிற்பியின் பெயரைக் கல்லில் வெட்டவைத்தான். வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். ராஜாவின் பட்டப்பெயரையே சேர்த்துக்கொள்ளும் உரிமை அவருக்குக் கிடைத்திருக்கிறது.

இன்னொரு விதிவிலக்கு மதுரையிலேயே இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதில் நடக்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பெருமாள் மேஸ்திரி வீதி.

1840-களில் மதுரை கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன். கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்துக் கொண்டிருந்த ஊரை விரிவாக்க, கோட்டையை இடித்து அகழியை மூட முடிவு செய்தார். அந்த இடத்தில் புதிய வீதிகள் பிறந்தன. வெளி வீதிகள் அப்படி வந்தவைதான். வேலையை நடத்தியவர்களில் ஒருவர் நில அளவையாளர் மாரட். இன்னொருவர் வேலையாட்களை மேய்த்த பெருமாள் மேஸ்திரி. இருவர் பெயரிலும் வீதி வந்தது. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. ஆடி, சித்திரை, மாசி என்று சாமி புறப்படும் மாதங்களின் பெயரைத் தாங்கிய வீதிகளுக்கு வெளியே ஒரு மேஸ்திரியும் இடம்பிடித்துவிட்டார்.

மதுரை வீதிகளை வரைபடத்தில் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். சதுரத்துக்குள் சதுரம் என்று சொல்கிறோமே தவிர, எதுவும் கச்சிதமான சதுரம் இல்லை. வெளியே போகப்போகக் கோணல் கூடுகிறது. சில நூறு வருடங்களாக யார் யாரோ வீடு கட்டி, மண்டபம் கட்டி, தெருவை நகர்த்தி வாழ்ந்த ஊர் அப்படித்தான் இருக்கும். ஓர் ஊர் கோணலாக இருந்தால் அழகு. ஓர் அறை கோணலாக இருந்தால் செலவு.

பில்லர் காலம்

ரசமட்டம் வந்தது 1661 வாக்கில். பிரான்சைச் சேர்ந்த தெவ்னோ என்பவர் கண்ணாடிக் குழாயில் திரவத்தை அடைத்து ஒரு குமிழியை விட்டார். குமிழி நடுவில் நின்றால் மட்டம். அதற்குப் பிறகு பெரிய மாற்றம் என்றால் கான்கிரீட்தான். 1892-ல் பிரான்சில் என்னெபிக் என்பவர் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டில் தூணும் உத்தரமும் சேர்ந்த சட்டக் கட்டிட முறைக்குக் காப்புரிமை எடுத்தார். இன்று பேரையூரில் 'பில்லர் போட்டுக் கட்டுறது' என்கிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா அது.

பில்லர் வந்தபின் நூல் பிடிப்பதன் மதிப்பு கூடியதே ஒழியக் குறையவில்லை. செங்கல் சுவர் என்றால் ஒரு வரியில் வந்த பிசகை அடுத்தடுத்த வரிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம். கான்கிரீட் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். சென்ட்ரிங் பலகைக்குத் தூக்குப் பார்க்காமல் கலவை ஊற்றினால், சாய்ந்த தூண் ஆயுளுக்கும் சாய்ந்த தூண்தான். அந்தச் சாய்வைப் பூச்சில் மறைக்கலாம். கண்ணை ஏமாற்றலாம், பாரத்தை ஏமாற்ற முடியாது. மேலே இருந்து வரும் பாரம் தூணின் நடுவை விட்டு விலகி இறங்கும்போது, தூண் சுமப்பதோடு வளையவும் வேண்டியிருக்கிறது.

இதற்கு அரசு விதியும் உண்டு. செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2212. ஒரு மாடிக்குள் 3 மீட்டர் உயரத்துக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் சுவர் சாயக்கூடாது என்கிறது அது. கால் அங்குலம்! பத்தடிச் சுவரில் கால் அங்குலம். விதி எழுதியவர்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதியது போலத் தோன்றும். ஆனால் ஒரு தூக்குக் குண்டும் பொறுமையும் இருந்தால் நம் கொத்தனார்கள் இதைச் சாதாரணமாகப் பிடித்துவிடுகிறார்கள்.

சாய்ந்ததைச் சரிசெய்யப் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் பைசா கோபுரம். 1173-ல் தொடங்கினார்கள். மூன்றாவது அடுக்கு எழும்போதே மண் ஒரு பக்கம் இறங்கியது. பிறகு வந்தவர்கள் மேல் அடுக்குகளை எதிர்ப்பக்கம் சற்றே வளைத்துக் கட்டி ஈடுகட்டப் பார்த்தார்கள். பலன், கோபுரம் சாய்ந்தது மட்டுமல்ல, வாழைப்பழம் போல லேசாக வளைந்தும் போனது. ஒரு தவறை இன்னொரு தவறால் ஈடுகட்டுவது! கணக்குப் புத்தகத்தில் நாங்கள் படிக்கும் பாடம் இத்தாலியில் கல்லில் நிற்கிறது. 1990-ல் மூடி, அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாய்வைக் குறைத்து, 2001-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

நமக்கும் மண்ணில் ஒரு தொல்லை உண்டு. எங்கள் பக்கம் பல இடங்களில் கரிசல். மழையில் உப்பும், கோடையில் சுருங்கிக் கையை விடுகிற அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு நல்ல மண், சுவருக்குக் கெட்ட மண். எவ்வளவு துல்லியமாக நூல் பிடித்துக் கட்டினாலும், அஸ்திவாரம் கரிசலைத் தாண்டிக் கெட்டி மண்ணில் உட்காரவில்லை என்றால் நாலைந்து வருடத்தில் மூலை திறந்துகொள்ளும், கதவு நிலையில் சிக்கும். அதனால்தான் ஆழமாக வானம் தோண்டுவதும், எல்லாத் தூணையும் சேர்த்துத் தரைமட்டத்தில் பெல்ட் போடுவதும். கட்டும்போது சரி என்பது ஒன்று, நின்றபின்னும் சரி என்பது வேறொன்று.

கோணலின் விலை

காமர்ஸ்காரன் காசைப் பற்றிப் பேசாமல் முடிக்கக்கூடாது. மூலை 2 அங்குலம் போனால் என்ன குடி முழுகிவிடும்?

முதலில் தரை. ஓடு பதிக்கும்போது ஒரு சுவரை ஒட்டி முழு ஓடாகத் தொடங்கினால், எதிர்ச்சுவரில் போகப்போகக் குறுகும் ஆப்பு வடிவத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஓடும் வீண், கூலியும் வீண். அப்புறம் பூச்சு. சாய்ந்த சுவரை நேராகக் காட்ட ஒரு பக்கம் அரை அங்குலம், மறுபக்கம் ஒன்றரை அங்குலம் என்று அப்ப வேண்டும். சிமெண்டு அதிகம், தடித்த பூச்சு விரைவில் விரிசலும் விடும். பிறகு அலமாரி, கட்டில், சமையல் மேடைக் கல் என்று சதுரமாகச் செய்து வரும் எல்லாமே அந்த அறையோடு சண்டை போடும். அரை நாள் நூல் வேலையை அவசரப்படுத்தினால், அதன் வட்டியை வீடு இருக்கும் வரை கட்ட வேண்டும்.

இங்கே ஒரு பழைய புத்தகத்தைச் சொல்லத் தோன்றுகிறது. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் லூக்கா பாசியோலி, 1494-ல், வெனிஸ் நகரில். ஆனால் அது கணக்குப்பதிவு நூல் மட்டும் அல்ல. எண்கணிதம், வடிவியல், விகிதம் பற்றிய பெரிய நூல். அதில் ஒரு பகுதிதான் வியாபாரிகளின் கணக்கு. பேரேட்டையும் முக்கோணத்தையும் ஒரே அட்டைக்குள் வைத்த மனிதருக்கு இரண்டும் ஒரு குடும்பம் என்று தெரிந்திருக்க வேண்டும். எந்த ஒரு அளவும் தன்னைத்தானே சரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. இன்னொரு வழியில் வந்த இன்னொரு அளவுதான் அதைச் சரி என்று சொல்ல வேண்டும். பற்றுக்கு வரவு, நீளத்துக்குக் குறுக்களவு, காலை நிழலுக்கு மாலை நிழல்.

நம் கல்லூரிகளில் இதற்கு ஆடிட் என்று பெயர் வைத்து மூன்று வருடம் பாடம் நடத்துகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் தேற்றம் என்று சொல்லி மதிப்பெண் போடுகிறார்கள். அதே விஷயத்தைக் கையில் வைத்திருக்கும் கொத்தனாரைப் படிக்காதவர் என்கிறோம். நெடுநல்வாடையில் நூல் பிடித்தவர்களை நக்கீரர் படிப்பறிவில்லாதவர்கள் என்று சொல்லவில்லை. நூல் அறிந்த புலவர்கள் என்கிறார். அந்தச் சொல்லில் நூல் என்பது புத்தகமும் ஆகும், கயிறும் ஆகும். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாங்கிய சொற்களைத் திருப்பிக் கொடுப்பது பற்றி முதலில் சொன்னேனே, அவர்களுக்கு நாம் திருப்பித் தர வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

வீடு கட்டுகிற நண்பர்களுக்கும், கட்டப்போகிற அப்பாக்களை உடைய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மார்க்கிங் போடும் அன்று பூஜைக்குத் தேங்காய் உடைத்ததோடு கிளம்பிவிடாதீர்கள். எதிரெதிர்ப் பக்கங்களை அளக்கும்போது டேப்பின் மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். மூலைக்கு மூலை இரண்டு அளவையும் நீங்களே படித்து ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் மேஸ்திரிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். வரவில்லை என்றாலும் வாங்கிக் கொடுங்கள், முளையை நகர்த்த இன்னும் நேரம் இருக்கிறது. கான்கிரீட் ஊற்றியபின் இருக்காது.

தூக்குக் குண்டுக்கும் மூலைமட்டத்துக்கும் உங்கள் ஊரில் வேறு பெயர் உண்டென்றால் அவசியம் சொல்லுங்கள். சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.